வாசிக்க ஆளில்லாத ஞாயிறு

சிந்தா, நீ இருந்திருந்தா இந்தக் கூட்டத்துல என்னைப் பேச விட்டிருக்க மாட்டே. "கருப்பி, நீ உக்காரு, நான் பேசிக்கிறேன்"னு சொல்லியிருப்பே. இன்னைக்கு நான்தான் பேசணும்.

மேடையில இருக்கிற பாஸ்டர் ஐயா அவர்களே, குன்னூரிலிருந்து வந்திருக்கிற சபைப் பெரியவங்களே, நம்ம கல்மட்டம் எஸ்டேட் சனங்களே, இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கருப்பம்மா. நான் சிந்தான்னு கூப்பிடுற உபதேசியம்மா ஜெஸிந்தாவுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில கொழுந்து எடுத்தவ. பள்ளிக்கூடம் போனதில்லை. தப்பாப் பேசினா பொறுத்துக்குங்க.

எங்க லுத்தரன் சபை சின்னது. இப்போ ஒன்பது வீடுதான். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவங்க. ஜெஸிந்தாவோட அப்பாதான் முதல் உபதேசியார். அங்க நடந்த ஆராதனையை அப்படியே இங்க நாங்க குடியிருக்கிற லயத்து வாசல்ல நடத்தினார். தகரக் கோயில் பின்னாடிதான் வந்தது. அவர் போன பிறகு சபையை யார் பார்த்தாங்க? மாசத்துல முதல் ஞாயிறு பாஸ்டர் ஐயா வந்து அப்பமும் திராட்சரசமும் வச்சுத் திருவிருந்து கொடுப்பார். மத்த ஞாயிறெல்லாம் யார் நடத்தினாங்க? எட்டாவது படிச்ச ஜெஸிந்தா நடத்தினா. சனிக்கிழமை வரைக்கும் கொழுந்து, ஞாயித்துக்கிழமை வேதம்.

எங்களுக்கு ஞானோபதேசத்தைத் தேயிலைக் காட்டுலதான் சொல்லிக் கொடுத்தா. அவ நிரையிலிருந்து கேள்வி வரும். எங்க நிரையிலிருந்து பதில் போகணும். ஒருநாள் பீல்டு ஆபீசர் வந்து, "என்னம்மா, இங்க பள்ளிக்கூடமா நடத்துறீங்க?"ன்னு சத்தம் போட்டார்.

"வாய்தானுங்க சார் படிக்குது, கை நிக்கலையே. கூடையைப் பாருங்க"ன்னா.

பார்த்துட்டுப் போயிட்டார். மறுநாள் வந்து, "நேத்துக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே விட்டுட்டீங்களே, அது என்ன?"ன்னு அவரே கேட்டார்.

நான் ஞானஸ்நானம் வாங்கினப்போ, அன்னைக்கு இருந்த பாஸ்டர் எனக்கு வேற பேர் வைக்கணும்னார். ஜெஸிந்தா விடல. "கருப்பம்மான்னு கூப்பிட்டாத்தான் ஐயா இவ திரும்பிப் பார்ப்பா. ஆண்டவரும் அப்படியே கூப்பிடட்டும்"னா. அதனாலதான் இன்னைக்கும் நான் கருப்பம்மா.

போன மாசம் நெஞ்சுவலியில ஊட்டி ஆஸ்பத்திரியில போயிட்டா. கோயிலுக்கு மேல சரிவுல, அவ அப்பா பக்கத்துல அடக்கம் பண்ணினோம். அடுத்த ஞாயிறு நாங்களே ஆராதனை வச்சோம். பாவ அறிக்கை சொன்னோம், விசுவாசப் பிரமாணம் சொன்னோம். அதெல்லாம் மனப்பாடம். வேதபாடம் வாரத்துக்கு வாரம் மாறுமே, அதை எப்படிச் சொல்றது? படிச்ச பிள்ளைங்க எல்லாம் திருப்பூர்லயும் கோயமுத்தூர்லயும் இருக்கு. வாசிப்பு வர்ற இடத்துல எழுந்து நின்னோம். வாசிக்க ஆளில்லை. வாசிச்சு முடியிற நேரம் வரைக்கும் சும்மா நின்னுட்டு உக்காந்தோம்.

வெளியே வந்தா, ஃபேக்டரி கிளார்க் பாலமுருகன் தம்பி வழியில நிக்கிறார். "ஏனுங்க்கா, நடுவுல சத்தமே இல்லையே?"ன்னார். சொன்னேன்.

"நான் வேணா வந்து வாசிச்சுக் கொடுக்கட்டுங்களா? எங்கம்மா படுக்கையில கிடந்தப்போ தினம் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினவங்க ஜெஸிந்தாக்கா. கழுத்துல முருகனுக்குப் போட்ட மாலை இருக்கு. அது பரவாயில்லைன்னா வர்றேன்."

"மாலையா தம்பி வாசிக்கப் போகுது?"ன்னேன். சிரிச்சார். அப்போ சொல்லிட்டேன். ஊட்டுக்கு வந்த பிறகு எனக்கே யோசனையாயிடுச்சு.

குன்னூர்ப் பெரியவங்க, சபையில வாசிக்க ஆளில்லைன்னா இந்தக் கோயிலைப் பூட்டிட்டு அங்க வந்துடுங்கன்னு சொன்னாங்க. நல்லதுக்குத்தான் சொல்றாங்க. ஆனா எங்கள்ல பாதிப் பேர் முட்டிவலிக்காரங்க. மழையில, குளிர்ல, பஸ் ஏறி யார் போவாங்க? ஒருதரம் பூட்டினா பூட்டினதுதான். வெளியாள் வாசிக்கலாமான்னு கமிட்டி கூடிப் பேசணுமாம். பேசுங்க ஐயா, நல்லாப் பேசுங்க. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நாங்க பூட்ட மாட்டோம். ஞாயிறுதோறும் கூடுவோம். பாடுவோம். ஜெபிப்போம். வாசிப்பு வர்ற இடத்துல எழுந்து நிப்போம். உபதேசியம்மா ஜெஸிந்தாவுக்கு ஒன்பது வீடும் சேர்ந்து கொடுக்கிற வாக்கு இது.

கமிட்டி என்ன சொன்னாலும் கேட்டுக்கலாம். ஆனா சிந்தா, எனக்குத் தெரிய வேண்டியது உன் மனசு. அந்தத் தம்பி நேத்தும் வந்து கேட்டுட்டுப் போனார். நீ நின்னு வாசிச்ச இடத்துல அவர் நிக்கலாமா? வரட்டும்னு சொல்லுவியா சிந்தா, வேண்டாம்னு சொல்லுவியா?