காவலாளியின் குப்பி

காவலாளி எனக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். மகள் கல்யாணத்துக்கென்று வாங்கினார். மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். காரணமில்லாமல் எதையும் செய்கிறவன் நான் இல்லை என்று உங்களுக்குத் தெரியவேண்டும் அம்மா, அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

உங்கள் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாகக் கண்ணாடிக் குப்பி கழுவுகிறேன். கைநாட்டாக வந்தவன், ஐம்பத்திரண்டு வயதில் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றேன். "கையெழுத்து முத்து முத்தா இருக்கே, இனிமே லேபிள் எல்லாம் நீங்களே எழுதுங்க" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் கேட்கவில்லை.

பிறகு அந்த மருந்தைச் செய்தீர்கள். போரானிக் அமிலம் என்றீர்கள். சர்க்கரையைக் கண்டால் கைகோத்துக்கொள்ளும், ஊதா விளக்கடியில் நீலமாக ஒளிரும். இல்லையென்றால் சும்மா கிடக்கும். சோதித்துப் பார்க்க வேலைக்காரர்கள் ஆறு பேரிடம் திங்கள்தோறும் சிறுநீர் கேட்டீர்கள். முடிவைச் சமையலறைக் கதவில் ஒட்டினீர்கள். சிக்கலே அங்கேதான். சமையலறையில் இருப்பவள் என் மனைவி.

என் சிறுநீரைத் தேடி எறும்பு வருவது எனக்கு வெகுநாளாகத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் அன்றோடு தேநீரில் சர்க்கரை போய்விடும். ஆகவே முதல் திங்களிலிருந்தே என் குப்பியில் 'காவலாளி' என்றும் காவலாளியின் குப்பியில் 'கழுவுகிறவர்' என்றும் எழுதி ஒட்டினேன். பிழையில்லாமல்தான் எழுதினேன்.

காவலாளியின் குப்பி நீலமாக ஜொலித்தது. "இது சோதனைதான், ஆஸ்பத்திரில ரத்தம் குடுத்துப் பாத்துருங்க" என்றீர்கள். அவர் போகவில்லை. திருடனைத் துரத்துகிற மனிதர், ஊசியைக் கண்டால் திருடனோடு சேர்ந்து ஓடுவார்.

அன்றிலிருந்து தேநீர் வேளையில் அவருக்குத் தருகிற பன்னும் சர்க்கரையும் என் பங்குக்கு வந்தன.

"தின்னுப்பா, எனக்குத்தான் கொடுத்து வைக்கல" என்பார்.

"விடுங்கண்ணே, உடம்புதான் முக்கியம்" என்பேன்.

வட்டி என்று வைத்துக்கொண்டேன். கரும்பு தின்னக் கூலியும் கிடைத்தால் யார் வேண்டாமென்பார்கள்?

"பாவம் அந்த மனுஷன். உங்க உடம்பு தங்கம், எல்லாம் என் கைப்பக்குவம்" என்று கதவைப் பார்த்துப் பார்த்து மனைவி பூரித்தாள்.

அவர் இளைத்தார். பெல்ட்டில் புதுத் துளை போட ஆணி கேட்டார். நானே போட்டுக்கொடுத்தேன், இரண்டு முறை. அவர் பட்டினி கிடக்கக் கிடக்க அவர் குப்பி மேலும் பிரகாசமானது. தினம் இரண்டு பன் தின்கிறவனின் குப்பி அப்படித்தானே இருக்கும்.

மிரண்டுபோய்த் தன் மனைவியின் சர்க்கரை மாத்திரையை எடுத்து விழுங்கத் தொடங்கினார். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு. என்னிடம் சொல்லத்தான் செய்தார். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது என் வழக்கமில்லை.

வியாழக்கிழமை வாயிற்கதவடியில் விழுந்தார். குப்பி வண்டியில் போட்டு மருத்துவமனைக்குத் தள்ளிக்கொண்டு ஓடியவன் நான்தான். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விட்டது, இவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது என்றார்கள்.

இன்று காலை நீங்கள் கண் சிவந்து வந்தீர்கள். "மூணு வருஷ உழைப்பு. பொய் சொல்லுது. எல்லாத்தையும் கொட்டிக் கழுவிடுங்க" என்று மருந்தை என் கையில் தந்தீர்கள். கழுவ மனம் வரவில்லை அம்மா. அது ஒருநாளும் பொய் சொல்லவில்லை. லேபிளை மாற்றி ஒட்டியது நான். மருந்து அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஒரு நல்ல பொருள்மேல் வீண்பழி விழுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

காவலாளியிடம் இதைச் சொல்லவில்லை. நேற்றுப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நீ இல்லன்னா நான் போய்ச் சேந்திருப்பேன்பா. மொதல்ல உன் கடனை வாங்கிக்க" என்று தலையணைக்கடியிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினார்.

எண்ணிப் பார்த்தேன். நாற்பது குறைந்தது. படுத்துக்கிடக்கிற மனிதரிடம் எப்படிக் கேட்பது? இரக்கப்பட்டு அதைத் தள்ளுபடி செய்துவிட்டேன்.