ரொக்ஸ்பரோ கொக்குகளின் கடைசிப் பதின்மூன்று ஆட்டங்கள்

— "2004 ஒக்டோபர் 17, ஞாயிற்றுக்கிழமை. மொன்றியலின் மேற்குப் புறத்தில், ரொக்ஸ்பரோவில் இருந்த ஒரு தனியார் ஐஸ் அரங்கில், 'ரொக்ஸ்பரோ கொக்குகள்' என்ற ஹொக்கி அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியது. பார்க்க வந்தவர்கள் 911 பேர்." பங்கு மலருக்கு எழுதினது இதுவரைக்கும் சரியோ, அருமைராசா அங்கிள்?

— சரி, செலீன் பிள்ளை. ஆனால் கொக்கு எண்டது நான் வைச்ச பேர். பிரெஞ்சிலை லே ஹெரோன். என்ரை வாயிலை அது நுழையேல்லை. அவங்கடை சட்டையிலை கிடந்த படம் எங்கடை கொக்கு மாதிரி, அதாலை கொக்கு. விளங்குதோ?

— ஐஸ் ஹொக்கிக்கு ரேடியோவிலை தமிழ் வர்ணனை எண்டது ஆற்றை யோசினை?

— அணியின்ரை சொந்தக்காரன்ரை. அந்த வருசம் பெரிய லீக் சம்பளப் பிரச்சினையிலை நிண்டு போச்சு. சனம் ஹொக்கி இல்லாமல் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் திரிஞ்சது. எந்தப் பாசையிலை எண்டாலும் சொல்லுங்கோ, ஆள் வந்தால் காணும் எண்டான். நான் மன்னாரிலை பதினொரு வருசம் உதைபந்தாட்டத்துக்கு மைக் பிடிச்சவன். எனக்கென்ன, ஓடுறாங்கள், அடிக்கிறாங்கள், கோல் போடுறாங்கள்.

— முதல் மாதம் கோணர் கிக் எல்லாம் குடுத்தனீங்களாம்.

— குடுத்தனான், மறுக்கேல்லை. கோல் காக்கிறவனைப் படலைக்காரன் எண்டன். அது திறமா எடுபட்டுது. எனக்குத் தெரிஞ்ச அன்டன்ரை மனிசி எண்டபடியாத்தான் உமக்கு வர்ணனை பதிஞ்ச இந்த நாடாப் பெட்டியைத் தந்தனான், இல்லாட்டி இந்தக் கர்க்லாண்ட் வீட்டு பேஸ்மென்றிலையே கிடந்து ஊத்தை பிடிச்சிருக்கும்.

— அடுத்த வருசம் என்ன நடந்தது?

— பெரிய லீக் திரும்பி வந்திட்டுது. 911 பேர் இருந்த இடத்திலை அறுபது பேர். படலைக்காரன் மூச்சு விடுற சத்தம் மேல் வாங்கிலிலை இருக்கிற எனக்குக் கேக்கும். ஐஸுக்கு மேலை வெள்ளைப் புகை ஒண்டு மிதந்து கொண்டு நிக்கும். அதுக்குள்ளாலை அந்தப் பெடியள் வழுக்கிக் கொண்டு வரேக்கை, உண்மையா வாறாங்களோ, நான் கனாக் காணுறனோ எண்டு இருக்கும்.

— இனி இது. "கடைசி ஆட்டம் 2005 டிசம்பர் 11. கொக்குகள் தோல்வி, ஐந்துக்கு ஒன்று. அத்துடன் அணி கலைக்கப்பட்டது."

— ம்.

— தேத்தண்ணி ஆறுது, அங்கிள்.

— ஆறட்டும். அந்த வரியை வேறை மாதிரி எழுதேலாதோ?

— எப்பிடி?

— கடைசி ஆட்டம் 2006 மார்ச் 26 எண்டு.

— ஓம், அந்த நாடாவும் பெட்டிக்குள்ளை கிடந்தது. கொக்குகள் வெற்றி, மூண்டுக்கு ரெண்டு. டிசம்பர் 11க்குப் பிறகு, நத்தார் ஞாயிறும் வருசப் பிறப்பு ஞாயிறும் விட்டு, பதின்மூண்டு ஆட்டம். எல்லாம் கேட்டனான்.

— கேட்டால் விளங்கியிருக்குமே. வர்ணனை திறம்.

— வர்ணனை திறம்தான். ஆனால் ஐஸ் ஹொக்கி மூண்டு கட்டம், அங்கிள். இந்தப் பதின்மூண்டு ஆட்டமும் ரெண்டு பாதியிலை முடியுது. ஒண்டிலை இடைவேளைக்குத் தோடம்பழம் வேறை குடுக்கினம்.

— மன்னார் மைதானத்திலை அப்பிடித்தான் குடுக்கிறது. கண்ணுக்கு முன்னாலை ஆட்டம் இல்லாட்டி, வாய் தான் பழகின வழிக்குத்தான் போகும்.

— அப்ப ஒத்துக்கொள்ளுறியள்.

— ஒத்துக்கொள்ளுறன். பங்கு மலரிலை அருமைராசா பொய்யன் எண்டு போடும். போடமுதல் ஒண்டைக் கேளும். டிசம்பர் 18. அணி கலைஞ்சு போச்சு, நேயர்களே, போய் வாறன் எண்டு சொல்லத்தான் இருந்தனான். துவங்கக் கொஞ்சம் முந்தி ஒரு ஆள் போன் எடுத்தார், வானொலியிலை நான் குடுக்கிற நம்பருக்கு. இளைச்ச குரல். வருத்தம் முத்திப் போச்சு தம்பி, இனி வெளியிலை போகேலாது, ஞாயிற்றுக்கிழமையிலை உம்மடை மட்ச் ஒண்டுதான் எனக்குக் கிடக்கு, இண்டைக்கு ஆர் வெல்லுவினம் எண்டார்.

— என்ன சொன்னனீங்கள்?

— எங்கடை ஆக்கள்தான் எண்டன். அப்பிடிச் சொன்னால் பேந்து ஆட்டம் நடக்கத்தானே வேணும், விளங்குதோ?

— நாடாவிலை சனம் இரையிற சத்தம் கேக்குது.

— அது காத்து. பூட்டின அரினாவுக்கு முன்னாலை, காருக்குள்ளை இருந்து போனிலைதான் ரேடியோவுக்குச் சொல்லுறனான். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி விட்டால் காத்து உள்ளுக்கு வந்து இரையும். ஸ்னோ முன் கண்ணாடியை மூடிப்போடும். ஒரே வெள்ளை. அதையே பாத்துக் கொண்டிருக்க, பெடியள் ஒவ்வொருத்தரா அதுக்குள்ளாலை வருவாங்கள். நான் கண்டதைச் சொல்லுவன். ஆர் வெல்லப் போகினம் எண்டு சில நாள் எனக்கே தெரியாது. ரெண்டு ஆட்டம் தோத்தும் போனம்.

— ரேடியோக்காரர் ஒண்டும் கேக்கேல்லையோ?

— அவைக்கு அரை மணித்தியாலம் நிரம்பினாக் காணும்.

— அந்த ஆளும் ஒருக்காலும் சந்தேகப்படேல்லையோ?

— இல்லை. ஞாயிறு தவறாமல் எடுப்பார். படலைக்காரன்ரை முழங்கால் சுகமோ எண்டு கேப்பார். ஒரு நாள் மட்டும், ஐஸ் எப்பிடிக் கிடக்கு எண்டார். கண்ணாடி மாதிரிக் கிடக்கு அண்ணை எண்டன். அப்பிடியோ தம்பி எண்டார். பேந்து, நல்லது எண்டார்.

— மார்ச் 26 அண்டைக்கு?

— குரல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டுது. அதுதான் அண்டைக்கு லீக் கப்பையே வெண்டு குடுத்தன். அடுத்த ஞாயிறு போன் வரேல்லை, நானும் நிப்பாட்டிப் போட்டன். பேர் கூடக் கேக்கேல்லை. இப்ப ரெண்டு வருசமா எனக்கு இதுதான் யோசினை, பிள்ளை. சாகக் கிடந்த மனிசனை ஏமாத்திப் போட்டன். இல்லாத அணியை இருக்கெண்டு நம்ப வைச்சு அனுப்பிப் போட்டன். சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலையும் சொல்லேல்லை. அதாலைதான் மார்ச் 26 எண்டு எழுதச் சொல்லிக் கேக்கிறன். கடுதாசியிலை எண்டாலும் அது நடந்ததா இருக்கட்டும்.

— அவற்றை பேர் சவிரிமுத்து.

— உமக்கு எப்பிடித் தெரியும்?

— நான் மகள். கடைசி மாதம் போனை அவற்றை காதிலை பிடிச்சுக் கொண்டிருந்தது நான்தான். இதை முதலே சொல்லியிருந்தால் நீங்கள் கதைச்சிருக்க மாட்டியள்.

— மாதாவே. என்னை மன்னிச்சுக் கொள்ளும், பிள்ளை. அப்பா எல்லாத்தையும் நம்பித்தானே கண்ணை மூடினவர்?

— அப்பா அந்த அரினாவிலை விடியப்புறம் ஐஸ் போடுற வேலை செய்தவர், அங்கிள். நீங்கள் வரமுதல் முடிச்சுக் கொண்டு வீட்டை வந்து, ரேடியோவைப் போட்டிடுவார். 2005 டிசம்பர் 12, திங்கட்கிழமை, அந்த ஐஸை உருக்கி, தண்ணியை வெளியேத்தி, கதவைப் பூட்டித் திறப்பைச் சொந்தக்காரனிட்டைக் குடுத்திட்டு வந்துதான் படுக்கையிலை விழுந்தவர்.