கம்பு ஊன்றாத நாள்

வீரணன் தன் பெண்சாதி குருவம்மாவை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அருவியடி வழுக்குப் பாறையில்தானாம். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இவன் கரையில் நின்றான். அவள் பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டினாளாம்.

மலைக்குப் பாதை விழாத காலம் அது. ஓடைக்கரையில் பளியர் குடி ஒன்று இருந்ததாம். அங்கே மண்ணுக்குள் ஒரு தவளை. கத்தரிக்காய் நிறம், ஊதின உடம்பு, பன்றிபோல மூக்கு. வருஷம் முழுக்கக் கறையானைத் தின்றுகொண்டு உள்ளேயே கிடக்கும். ஐப்பசியில் முதல் மழை இறங்கினால், மண்ணுக்கடியிலிருந்து கோழி கொக்கரிப்பதுபோல ஆண் கூப்பிடும். அன்றைக்குத்தான் பெண் மேலே வரும். ஆணை முதுகில் சுமந்து போய் ஓடையில் முட்டையிட்டுவிட்டு, திரும்ப மண்ணுக்குள் போய்விடும். பிறகு பாறையெல்லாம் தலைப்பிரட்டை. எவ்வளவு வெள்ளம் வந்தாலும் வாயால் பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கும். பிரட்டையைப் பிடுங்கித் தின்னலாம், தாயைத் தொடக்கூடாது. அதுதான் குடி வழக்கமாம்.

இரண்டு வருஷம் மழை பொய்த்தது. கிழங்கு இல்லை, தேன் இல்லை. அடுத்த ஐப்பசியில் மழை இறங்கியது, மண் கொக்கரித்தது. வீரணன் கிழங்கு தோண்டும் கம்பை எடுத்தான். குருவம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வயித்துல முட்டையோட வர்றா. இன்னைக்கு ஒரு நாள் விட்டுரு."

"நம்ம பிள்ளை வயித்துல என்ன இருக்கு, சொல்லு."

அவள் கையை எடுத்துவிட்டாளாம். சத்தம் வந்த இடமெல்லாம் தோண்டினான், மேலே வந்த பெண்ணையும் விடவில்லை. அவனைப் பார்த்துக் குடியே தோண்டியது. மச்சான் கம்பு பட்ட இடமெல்லாம் கறி என்று அவள் தம்பி சடையன் சிரித்தானாம். சுட்டுத் தின்றார்கள். நாலு நாள் பசி தெரியவில்லை.

பிறகு ஓடை நிறைந்தது. பாறை வெறுமையாகக் கிடந்தது. பிள்ளை மறுபடி அழுதது. அருவியடியில் ஏதாவது தப்பியிருக்கும் என்று குருவம்மா கூடையோடு இறங்கினாள். கையை விரித்துக் காட்டினாள் என்றேனே, அப்போது உச்சியில் மழை. தண்ணீர் செம்மண்ணாக வந்து விழுந்ததாம். பிரட்டைக்குக் கவ்வ வாய் உண்டு. அவளுக்கு என்ன உண்டு?

ஓடை நெடுக நடந்தான் வீரணன். கூடைகூடக் கிடைக்கவில்லை. மறு ஐப்பசியில், முதல் மழையன்று, மண்ணில் காதை வைத்துப் படுத்தானாம். ஒரு சத்தம் இல்லை. அதற்கடுத்த ஐப்பசியிலும் படுத்தான். சாகும்வரை படுத்தான் என்பார்கள்.

பிள்ளையைச் சடையன் வளர்த்தான். அந்தப் பிள்ளை வழி வந்தவர்கள் இன்றும் முதல் மழையன்று மண்ணில் கம்பு ஊன்றுவதில்லை. கொக்கரிப்பை அவர்களில் யாரும் கேட்டதில்லை.

அருவியடிப் பாறைக்குக் குருவம்மா பாறை என்று பேர். அதில் இன்றும் பாசி மட்டும்தான் இருக்கிறது.