திருப்பிக் கொடுக்காத வலது கை

பெயரும் முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதியிருப்பது சரியே. வயது நாற்பத்து மூன்று. துணி வெளுக்கும் தொழிற்சாலையில், விரிப்புகளை இஸ்திரி போடும் உருளை இயந்திரத்தில் வேலை பார்த்து வந்தேன். அங்கே எல்லாரும் என்னை ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் மனைவியும் அங்கேயே வேலை செய்கிறாள். ஒரே மகள், நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

ஆஸ்பத்திரி விரிப்பு ஒன்று உருளையில் சுருண்டுகொண்டபோது அதை இழுக்கப் போய் என் வலது கை உள்ளே போய்விட்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் இல்லாத அந்தக் கை, முஷ்டியை மடக்கியபடி உருளைக்கு அடியிலேயே வெந்துகொண்டிருந்தது. விரல்களைப் பிரிக்க முடியாமல் சுவரில் தலையை முட்டிக்கொள்வேன். “இல்லாத கைக்கு எங்க போய் மருந்து தடவுறது?” என்று மனைவி அழுவாள்.

அதன் பிறகு ஆராய்ச்சி நிலையத்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பி, கை நரம்புகளில் மெல்லிய கம்பிகளைப் பதித்து, அவற்றோடு இணைக்கும் ஒரு செயற்கைக் கையைக் கொடுத்தார். ஆராய்ச்சி முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று முதலிலேயே சொன்னார். நானும் சரி என்றேன். அதை மறுக்கவில்லை.

அந்தக் கையின் விரல்களைத் தூரிகையால் வருடுவார்கள், அதே நொடியில் என் நரம்பிலும் அந்தத் தொடுகை வந்து சேரும், நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி, “நீங்க அழுத்துனீங்களா, இல்ல அதுவா அழுத்துச்சா?” என்று அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன் கேட்பார். பல வாரங்கள் ‘அது’ என்றே சொல்லி வந்தேன். ஒரு நாள் யோசிக்காமல் ‘நான்தான்’ என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு முஷ்டி பிரிந்தது. வேக்காடு நின்றது. “உங்க மூளை இத உங்க கைன்னு ஒத்துக்கிச்சு” என்றார் டாக்டரம்மா. அதன் பிறகு மகளுக்கு நானே தலை பின்னிவிட்டேன். முடி காய்ந்திருக்கிறதா, ஈரமா என்று விரலுக்குத் தெரிந்தது. “பழைய கை ஒரு நாளாவது பாத்திரம் தேச்சிருக்கா? இதாவது தேய்க்குதே” என்று மனைவி சிரித்தாள்.

அதன் பிறகு ஆராய்ச்சிக்கு வந்த நிதி நின்றுபோனது. ஒப்படைக்கும் நாளில் டெக்னீஷியன் கையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். வைத்த மாத்திரத்தில் என் முஷ்டி மறுபடியும் மடங்கி வேக ஆரம்பித்தது. டாக்டரம்மாவிடம், “என் கைன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டெக்னீஷியன் அடுத்த அறைக்குப் போனதும் பெட்டியைத் திறந்து, கையை மாட்டிக்கொண்டு, மாடிப்படி வழியாக இறங்கி வந்துவிட்டேன். யாரும் தடுக்கவில்லை.

அந்தக் கையை வாராவாரம் அங்கே கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும். நான் போகவில்லை. நாளாக நாளாக, விரி என்று நினைத்த பிறகு விரல்கள் தாமதமாக விரிந்தன. “கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுங்க. ஏதாவது ஆகித் தொலைச்சா?” என்று மனைவி கெஞ்சினாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சம்பவத்தன்று மாலை மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும்போது, லாரி ஒன்று திடீரெனத் திரும்பியதால், அவள் மணிக்கட்டை வலது கையால் பிடித்து ஓரமாக இழுத்தேன். லாரி போய்விட்டது. விடு என்று நினைத்தேன். கை விடவில்லை. இறுக்கியது. “வலிக்குதுப்பா, விடுப்பா” என்றாள். இடது கையால் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், அசையவில்லை. பங்க்சர் கடைக்காரர் ஓடி வந்து, “கழட்டுங்கண்ணே, கழட்டுற கைதானே!” என்று கத்தினார். கழற்றலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அவரே கையை என்னோடு இணைக்கும் பூட்டைத் தட்டிக் கழற்றினார். அதற்குள் எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஆராய்ச்சி நிலையத்து டெக்னீஷியன் வந்து பிரிக்கும்வரை அந்தக் கை அவள் கையைப் பிடித்தபடியே தொங்கிக்கொண்டிருந்தது.

மகள் அங்கிருந்த டாக்டரிடம், “அப்பா பண்ணல, அந்தக் கைதான் பண்ணுச்சு” என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா எனக்கு எடுத்துச் சொன்னார்கள். “கருவிக் கோளாறுன்னா குழந்தை விஷயம் உங்க மேல வராது. ஆனா கருவின்னா அது அடுத்தவங்க பொருள், திருட்டுக் கேஸ். உங்க கைன்னு சொன்னா, புள்ளைய நீங்களே காயப்படுத்தினதா ஆகும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசித்துத்தான் சொல்கிறேன். எலும்பு முறிவதற்கு முன்னால் கொஞ்சம் வளைந்தது. அது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் நாடி துடித்ததும் தெரிந்தது. தெரியாமல் இருந்திருந்தால் கருவி என்று சொல்லியிருப்பேன். அது என் கை. என் மகளின் கையை முறித்தது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை, இதில் உள்ளது அத்தனையும் உண்மை என்று அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம், இடது கையால்)