லிடியா விடாத கயிறு

விழாவுக்குத் தலைமை தாங்கும் வணிகர் சங்கத் தலைவர் பெரியவர் சாகுல் ஹமீது அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி உறுப்பினர் அம்மா ஆரோக்கியம்மாள் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேன்மக்களே, மேடையில் இடமில்லாமல் கீழே அமர்ந்திருக்கும் அதைவிட மேன்மக்களே, காட்டு வேலை முடித்துக் கால் கழுவிய ஈரத்தோடு வந்திருக்கும் என் தாய்மார்களே, பந்தியில் இடம் பிடித்து வைத்துவிட்டு வந்து நிற்கும் தம்பிமார்களே, இன்று ஆரஞ்சு மேற்சட்டை வாங்கப்போகும் என் அருமைத் தன்னார்வலர்களே, அத்தனை பேருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் ஏஞ்சலின். எட்டாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவள். நம் அகரம் வட்டார மீட்புக் குழுவின் முதல் அணியில் பயிற்சி பெற்றவள். என்னை இங்கே அழைத்தது வாழ்த்திப் பேசுவதற்கு. "டீச்சர், நல்லா நாலு வார்த்தை வாழ்த்திட்டு, சட்டையக் குடுத்து முடிச்சு வச்சிருங்க" என்றார் குழுச் செயலாளர். வாழ்த்தி வாழ்த்தியே வளர்ந்த வாய்தான் இது. கல்யாணத்துக்கு வாழ்த்தியிருக்கிறேன், காதுகுத்துக்கு வாழ்த்தியிருக்கிறேன், ஓய்வு பெறாத தலைமையாசிரியருக்குப் பிரிவுபசாரமே நடத்தியிருக்கிறேன். ஆனால் இன்றைக்கு எனக்கு வாழ்த்து வரவில்லை, வயிறு எரிகிறது. எரிகிற வயிற்றோடு பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இதே பந்தலில் பயிற்சி நடந்ததாம். என்ன பயிற்சி? விளக்கு ஏற்றினார்கள். மாலை மாற்றினார்கள். விருந்தினர் வரக் காத்திருந்தார்கள், வந்த விருந்தினரோடு படம் எடுத்தார்கள், எடுத்த படத்தில் ஒருவர் கண்ணை மூடிவிட்டாராம், மறுபடியும் எடுத்தார்கள். அதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது. மீட்புப் பயிற்சி என்றால் கயிறு வேண்டாமா? இன்று இங்கே இருந்த ஒரே கயிறு பந்தல்காரர் மூங்கிலில் கட்டிய கயிறு. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாளைக்கே கன்னிவாடிப் பக்கமிருந்து, கிணற்றில் ஆள் விழுந்துவிட்டது என்று அழைப்பு வரும். இந்தப் பிள்ளைகள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவார்கள். ஓடிப் போய் என்ன செய்வார்கள்?

கயிறு கட்டும் வகுப்பு ஏன் நடக்கவில்லை? கிணற்று விஷவாயுவைப் பற்றிய வகுப்பு ஏன் நடக்கவில்லை? எடுக்க ஆள் இல்லை என்றார்கள். ஆள் இருக்கிறாள். இந்தப் பந்தலிலிருந்து கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் இருக்கிறாள். என்னோடு பயிற்சி பெற்ற லிடியா, உரக்கடையில் வேலை பார்க்கிற பெண். அந்த இரண்டு வகுப்பையும் அவள்தான் எடுப்பதாக இருந்தது. "நீ வர வேணாம்மா, ஊருக்குள்ள சங்கடம்" என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

என்ன சங்கடம்? அது உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. ஆமாம், உங்கள் கைப்பேசியில். கிணற்று மேட்டில் அழுகிற ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டு, "விட மாட்டேன், ஒருத்தரையும் விட மாட்டேன்" என்று ஓர் இளம்பெண் கத்துகிற படம். அதன் அடியில் கல்நெஞ்சக்காரி என்று எழுதியிருக்கிறதே, அந்தப் படம்தான். அதைப் பார்க்காதவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். ஒரு கையும் எழவில்லை. சரி, அதை அடுத்தவருக்கு அனுப்பாதவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, இப்போது எல்லாக் கையும் எழுகிறது. அப்படியானால் அது இந்த ஊர் முழுக்கத் தானாகவா நடந்து போனது?

அந்தப் படத்துக்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் எவன் கைப்பேசியிலும் இல்லை. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

சித்திரை வெயிலில் முருகேசனின் தோட்டக் கிணறு அடியோடு வற்றிப் போனது. தூர் வாரினால் ஊற்று திறக்கும் என்று நம்பினார்கள். கலங்கல் தண்ணீரை இறைக்க டீசல் எஞ்சினையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினார்கள். நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். ஆனால் அந்த ஆழத்தில் எஞ்சின் விடுகிற புகை எங்கே போகும்? கரும்புகை கலைந்து போகும், அதிலிருக்கும் நஞ்சு உள்ளேயே தங்கும். அது கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கு எட்டாது. முதலில் மயக்கும், பிறகு மடிய வைக்கும். ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றது. ஏன் நின்றது என்று பார்க்க முருகேசன் இறங்கினான். அவன் குரல் வரவில்லை.

"மச்சான், மச்சான்" என்று கூப்பிட்டுக்கொண்டே அவன் மச்சினன் சடையாண்டி இறங்கினான். அந்தக் கிணற்றில் பாதி ஆழம் வரை கல் படி, அதற்குக் கீழே கயிறுதான். படி முடிகிற திட்டுக்குப் போனதும் சடையாண்டிக்குத் தலை சுற்றியது. அங்கேயே உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். மேலே முருகேசனின் தம்பிமார் இரண்டு பேரும், பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான்கு பேரும் இறங்கப் போகிறார்கள். அந்த நேரத்தில்தான், சத்தம் கேட்டு, சாலையில் போன ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு லிடியா ஓடி வந்தாள்.

வந்தவள் அழவில்லை. ஒருவரிடமும் என்ன ஏது என்று கேட்கவில்லை. தொங்கிய கயிற்றை மேலே இழுத்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள், தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள், படியின் வாயில் குறுக்கே நின்றாள்.

"ஏ புள்ள, வழிய விடு. எங்கண்ணன் கிடக்கான்."

"இறங்குனா நீங்களும் கிடப்பீகண்ணே. உள்ள இருக்கிற காத்து ஆகாது."

"எனக்குத் தெரியாத கிணறா? நடக்கத் தெரிஞ்ச நாள்ல இருந்து இதுலதான் நீச்சல் அடிக்கேன்."

"தண்ணியில நீச்சல் அடிக்கலாம். இந்தக் காத்துல என்னத்த அடிப்பீக?"

முருகேசனின் மனைவி மூக்காயி ஓடி வந்தார். உள்ளே கிடக்கிறவன் ஒருவன் தாலி கட்டியவன், மற்றவன் கூடப் பிறந்த தம்பி. அந்தத் தாய் என்ன செய்வார்? லிடியாவின் காலைப் பிடித்தார், முடியைப் பிடித்தார், கன்னத்தில் அறைந்தார். "உங்கப்பன் உள்ள கிடந்தா இப்பிடித்தான் நிப்பியாடி?" என்று கேட்டார். "இப்பிடித்தான்க்கா நிப்பேன்" என்றாள் லிடியா. அப்போதுதான் எவனோ ஒருவன் கைப்பேசியை எடுத்தான். நான்கு உயிரைக் காக்க ஒருத்தி நின்றாள், அதைப் படமெடுக்க ஒருத்தன் நின்றான். படம் எடுத்த கைக்கு, கயிற்றில் ஒரு முனை பிடிக்க வேண்டும் என்று தோன்றவில்லையே, அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

பின்னால் என்ன நடந்தது? அறை வாங்கிய கையோடு லிடியா கயிற்றில் ஒரு வளையம் போட்டாள். எவ்வளவு இழுத்தாலும் உடம்பை இறுக்காத முடிச்சு அது. எங்களுக்கு மூன்று நாள் விரல் வலிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத் திட்டுக்கு நேராக இறக்கிவிட்டு, "சடையாண்டிண்ணே, கண்ணத் தொறங்க. கைய உள்ள விடுங்க. ரெண்டு கையும். இன்னொரு கையண்ணே" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அரை மயக்கத்தில் இருந்தவன் எப்படியோ இரண்டு கையையும் நுழைத்தான். "இப்ப வாங்க நாலு பேரும், இழுங்க" என்றாள். உள்ளே இறங்கிச் செத்திருக்க வேண்டிய நான்கு பேர் வெளியே நின்று இழுத்தார்கள். சடையாண்டி மேலே வந்தான். இதோ, மூன்றாவது வரிசையில் நீலச் சட்டையோடு தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான். எழுந்திருக்க வேண்டாம் தம்பி, நீ உட்கார்ந்திருப்பதே போதும்.

தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். முகமூடி போட்டு, முதுகில் காற்று உருளை சுமந்து இறங்கி, முருகேசனைத் தூக்கி வந்தார்கள். உயிர் இல்லை. சடையாண்டி இறங்குவதற்கு முன்பே போயிருக்கும் என்றார் மருத்துவர். அதை யார் கேட்டார்கள்? "அவ விட்டிருந்தா முருகேசன் பொழச்சிருப்பான்" என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. குழாயடியில் அவளோடு பேச்சு நின்றது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள், "இந்தப் பிள்ளை கையால உரம் வேணாம்" என்கிறார்கள். யூரியாவுக்குக்கூடவா ராசி பார்ப்பீர்கள்?

நேற்று லிடியா என் வீட்டுக்கு வந்தாள். தன் மேற்சட்டையைத் துவைத்து மடித்து என் கையில் கொடுத்தாள். "டீச்சர், நான் குழுவுல இருந்து வெலகிக்கிறேன். அடுத்த கிணத்துல எனக்கு விடாம நிக்க முடியுமான்னு தெரியல. வழிய விட்டாலும் விட்டுருவேன், டீச்சர்" என்றாள். கேட்டீர்களா? அறைந்தபோது தளராத கை, அடித்தபோது தளராத கை, இன்று தளர்கிறது. தளர்த்தியது யார்? கிணறா? நஞ்சா? கணவனைப் பறிகொடுத்த மூக்காயியா? இல்லை. நீங்கள். வெள்ளைச் சட்டை போட்டு, வெற்றிலை பாக்கு வைத்து, விழா எடுத்து உட்கார்ந்திருக்கும் நீங்கள்.

இன்று காலை மூக்காயியைப் பார்க்கப் போனேன். அவர் சொன்னதை அவர் வாய்ச் சொல்லாகவே சொல்கிறேன், அவர் அனுமதி கொடுத்திருக்கிறார். "எனக்கு அவ மேல கோவம் இன்னும் போகல டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். ஆனா எங்க வீட்டுச் செவுத்துல இப்ப ஒரு போட்டோவுக்குத்தான் மாலை போட்டிருக்கு. அவ அன்னைக்கு விட்டிருந்தா செவுத்துல இடம் பத்தாது. புருசனப் பறிகொடுத்த எனக்கே இது தெரியுது. படிச்சவுக அம்புட்டுப் பேருக்கும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

பதில் சொல்லுங்கள். மேடையில் இருப்பவர்களாவது சொல்லுங்கள். ஒருவன் விழுந்தால் அவன் பின்னால் ஒருவன், அவன் பின்னால் இன்னொருவன் என்று இறங்கி இறங்கி, ஒரே கிணற்றுக்குக் குடும்பத்தையே கொடுத்துவிட்டு, தட்டி வைத்து வீரவணக்கம் எழுதுகிறோம். பாசத்தில் இறங்கியவனை நான் பழிக்கவில்லை. பாசத்துக்கு மூச்சு விடத் தெரியாதே, அதைத்தான் சொல்கிறேன். இறங்குகிறவன் வீரன் என்றால், இறங்க விடாமல் நின்று, வசவையும் வாங்கி, வாழ்நாள் பழியையும் வாங்குகிறவளுக்கு இந்தத் தமிழில் என்ன பெயர்? கல்நெஞ்சக்காரி என்ற பெயர்தான் கிடைத்ததா?

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். செத்த நேரம் ஐயா, முடித்துவிடுகிறேன். இந்தச் சட்டைகளை நான் கொடுக்கப் போவதில்லை. ஆமாம், சலசலப்பு வரட்டும். கயிறு தொடாத கைக்கு இந்தச் சட்டையை மாட்டிவிடுவது, கண்ணைக் கட்டிக் கிணற்று மேட்டில் விடுவதற்குச் சமம். பயிற்சி முழுதாக நடக்க வேண்டும். லிடியா நடத்த வேண்டும். என்ன ஐயா? "அவ வருவாளா" என்கிறீர்களா? கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிட்டால் வருவாள். ஒதுக்கியது ஊர் அறிய, கூப்பிடுவது மட்டும் காதோடு காதாகவா? நான் இறங்கியதும் இதே ஒலிபெருக்கியில் நீங்கள் கூப்பிடுங்கள். தலையசைக்கிறீர்கள். அதற்கு என் நன்றி. ஆனால் தலையசைவு ஒலிபெருக்கியில் கேட்காது, ஐயா.

கடைசியாகத் தன்னார்வலப் பிள்ளைகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று வேண்டாம், பயிற்சி முடிகிற நாளில் பதில் சொல்லுங்கள். கிணற்றுக்குள் உங்கள் அப்பா கிடக்கிறார். மேட்டில் உங்கள் அம்மா உங்கள் கன்னத்தில் அறைந்து, "என்னை இறங்க விடு" என்கிறார். அப்போதும் கயிற்றை விடாமல் நிற்பேன் என்று சொல்ல முடிகிறவர்கள் மட்டும் மேடைக்கு வந்து சட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்கு என் கையால் போட்டுவிடுகிறேன், வாய் வலிக்க வாழ்த்துகிறேன்.

வாழ்த்தக் கூப்பிட்டு வசவு வாங்கிக்கொண்ட குழுவினருக்கும், எழுந்து போகாமல் கேட்ட பெரியோருக்கும், இடையில் கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மாருக்கும் என் நன்றி. நம் ஊர்க் கிணறுகளில் இனியும் சாவு வரும், அதை நான் மறுக்கவில்லை. வந்த சாவு ஒன்றோடு நிற்கட்டும். வணக்கம்.