பச்சை ஷட்டர் டோக்கன்

வாக்குமூலம் கொடுப்பவர்: ஹெலன், வயது 39, க/பெ இம்மானுவேல், சர்ச் தெரு, புதுவாயல், கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடனும் மகளுடனும் குடியிருந்து வருகிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காருக்குத் தகடு பாகங்கள் அடிக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் லைன் லீடராக வேலை செய்கிறேன். என் மேல் இதுவரை எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கிடையாது. கம்பெனி பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போட்டதுகூட இல்லை, நின்றுகொண்டே வந்துவிடுவேன். திருப்பாச்சூரைச் சேர்ந்த அன்புசெல்வன் என்பவர் என் மேல் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதில் நான் அவர் வீட்டில் பூட்டை உடைத்தேன் என்பதும், அவரைக் கன்னத்தில் அறைந்தேன் என்பதும் உண்மை. போலி டோக்கன் கொடுத்து ஏமாற்றினேன் என்பது சுத்தப் பொய். எஸ்.ஐ. ஐயா சுருக்கமாகச் சொல்லும்மா என்றார். இந்த விஷயத்தில் வேறு ஆட்கள் சுருக்கமாகச் சொல்லித்தான் என் வேலைக்கே வேட்டு வந்திருக்கிறது, அதனால் முழுசாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலத்தில் புதுவாயல் கூட்ரோட்டில் ‘ஏஞ்சல் வீடியோ கேம்ஸ்’ என்று ஒரு கடை இருந்தது. செண்பகம் அக்கா என்பவர் நடத்தினார். பச்சைக் கலர் ஷட்டர் போட்ட கடை. உள்ளே பீரோ உயரத்துக்கு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு டிவி, அதன் கீழே சிவப்பு உருண்டை வைத்த ஸ்டிக்கும் பட்டன்களும் இருக்கும். மிஷினில் காசு போட முடியாது, கவுண்டரில் பித்தளை டோக்கன் வாங்கித்தான் போட வேண்டும். ஷிப்ட் முடிந்து வரும் கம்பெனிப் பையன்கள் கிரீஸ் கையோடு வந்து நிற்பார்கள், அதனால் ஸ்டிக்கெல்லாம் எப்போதும் வழவழவென்று இருக்கும். டிவி சூடேறிய வாசனையும் அக்கா ஏற்றி வைக்கிற ஊதுபத்தி வாசனையும் கலந்து வரும். இன்றைக்கும் லைனில் ஏதாவது மோட்டார் சூடானால் மெயின்டெனன்ஸுக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்தக் கடையில்தான் நிற்பேன்.

பெண் பிள்ளைகளில் நான் ஒருத்திதான் அங்கே போவேன். உயரம் பத்தாது என்பதால் அக்கா சோடா கிரேட்டைக் கவிழ்த்துப் போடுவார், நான் அதன் மேல் ஏறி நின்று ப்ளேன் கேம் ஆடுவேன். இரண்டு கையும் மிஷினிலேயே இருப்பதால் அடுத்த டோக்கனை வாயில் அடக்கிக்கொள்வேன். பையன்கள் “இன்னா பைலட்டம்மா, டோக்கன முழுங்கிடாத, அப்பறம் உன்னியத்தான் மிஷினுக்குள்ள போடணும்” என்று கலாய்ப்பார்கள். கலாய்த்தவன் ஒருத்தனும் என் ஸ்கோரைத் தாண்டியது கிடையாது, அதையும் எழுதிக்கொள்ளவும்.

எனக்கு டோக்கன் கொடுத்தது என் அப்பா சாலமோன். அவரும் சிப்காட்டில் பிரஸ் ஆபரேட்டராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எங்கேயோ போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்கு வருவார், வரும்போது சட்டைப் பையில் டோக்கன் குலுங்கும். அது மற்றவர்கள் வைத்திருப்பது மாதிரி பித்தளை இல்லை, இரும்புத் தகடு. பேர் எதுவும் இருக்காது, ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டும், ஒரு பக்கம் லேசாகப் பச்சைக் கறையும் இருக்கும். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு “உனக்குன்னே ஸ்பெஷலும்மா, போயி ஆடு” என்றார். நானும் போய் ஆடினேன். அந்த வயசில் ஆடத்தான் தோன்றும், ஆராய்ச்சி பண்ணவா தோன்றும்.

அதன் பிறகு சில வருஷம் கழித்து, ரோட்டை அகலப்படுத்துகிறார்கள் என்று ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்து கூட்ரோட்டுக் கடைகளை வரிசையாக இடித்துப் போட்டது. முதல் நாள் சாயங்காலம்கூட நான் அங்கே ஆடிவிட்டு வந்தேன். அவசர அவசரமாக மிஷின்களை வேனில் ஏற்றினார்கள், அக்காவின் சாவிக்கொத்து கவுண்டர் டேபிளோடு மண்ணுக்குள் போய்விட்டது. மிஷின்களைப் பழைய சாமான் வியாபாரி ஒருவர் எடுத்துப்போனார். அதன் பிறகு நான் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனது. அப்பா கொரோனா சமயத்தில் தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் அந்த டோக்கன்கள், நேற்று அடித்தது போலப் பளபளவென்று கிடந்தன. தகடு என்றால் எண்ணெய் போட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும் என்பது பிரஸ் ஷாப் ஆட்களின் பழக்கம், ரிட்டயர் ஆனாலும் அது கையை விட்டுப் போகாது. அடக்கத்தன்று அழாத அழுகையை நான் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

போன மாதம் என்னோடு வேலை செய்யும் அருணா என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். பழைய வீடியோ கேம் சாமான்கள் சேர்க்கிறவர்களின் குரூப்பில் வந்த போட்டோ. புதுவாயல் ஏஞ்சல் கடை ப்ளேன் கேம் மிஷினை வாங்கி ரிப்பேர் செய்துவிட்டதாகவும், அந்தக் கடை டோக்கன் யாரிடமாவது இருந்தால் தொடர்பு கொள்ளும்படியும் அன்புசெல்வன் போட்டிருந்தார். மிஷினின் பக்கவாட்டில் நான் காம்பஸ் முனையால் கீறிய ‘ஹெ’ அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் டின்னை வைத்துக்கொண்டு திருப்பாச்சூருக்குப் போனேன்.

அன்புசெல்வன் நெல் நிலமும் அரிசி மண்டியும் உள்ள குடும்பத்துப் பிள்ளை. மாடி முழுக்கப் பழைய டிவி கேம், கேசட், மஞ்சள் பூத்த ஜாய்ஸ்டிக், கடை போர்டு எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். பார்க்க மனசு நிறைந்துவிட்டது. மனுஷன் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் எதையும் தொடுகிறார். அவர் டோக்கனை என்ன விலை என்று கேட்டார். விற்க வரவில்லை, பாதியை வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு ஆட்டம் ஆட விடுங்கள் போதும் என்றேன். சந்தோஷமாகச் சம்மதித்தார். அதன் பிறகு நான் ஆடினேன். இப்போது கிரேட் வேண்டியதில்லை, குனிந்துதான் நிற்க வேண்டியிருந்தது. பழக்க தோஷத்தில் அடுத்த டோக்கனை வாயில் வைத்துவிட்டேன். “ஐயோ மேடம், ஆன்டிக்!” என்று அவர் போட்ட சத்தத்தில் என் ப்ளேன் வெடித்துவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அவர் அந்த டோக்கனைக் குரூப்பில் போட்டிருக்கிறார். அங்கே இருக்கும் பெரிய தலைகள், ஏஞ்சல் கடை டோக்கன் பித்தளை, இதில் பேரும் இல்லை துருவும் இல்லை, பெயின்ட் வேறு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இது புதிதாக பிரஸ்ஸில் அடித்த போலி என்று சொல்லியிருக்கிறார்கள். என் அப்பா பத்திரமாக வைத்தது குற்றமாகிவிட்டது. நான் பிரஸ் ஷாப்பில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் அவர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. ‘ஜாக்கிரதை, போலி டோக்கன் கும்பல்’ என்று என் போட்டோவோடு சுற்ற விட்டார்கள். அது சுற்றிச் சுற்றி என் கம்பெனி எச்.ஆர். போனுக்கே வந்தது. கம்பெனி பிரஸ்ஸில், கம்பெனித் தகட்டில் கள்ள டோக்கன் அடித்தாயா என்று கேட்டு, ஐ.டி. கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை விசாரணை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஹெல்ப்பராகச் சேர்ந்து லைன் லீடராக வந்தவள் நான். கேட்டில் செக்யூரிட்டி என் பையைக் கொட்டிப் பார்த்தபோது எனக்கு உயிரே போய்விட்டது.

அதன் பிறகு இன்று ஞாயிற்றுக்கிழமை காலை, சர்ச்சுக்குக்கூடப் போகாமல் அன்புசெல்வன் வீட்டுக்குப் போனேன். அந்தப் போஸ்ட்டை எடுங்கள், இல்லையென்றால் மிஷினின் டோக்கன் பெட்டியைத் திறங்கள், கடையில் விழுந்த டோக்கன் அதற்குள் இருக்கும், என்னுடையதும் இருக்கும் என்றேன். சாவி இல்லை, அது ஒரிஜினல் பூட்டு, வாங்கியதிலிருந்து நானே திறக்கவில்லை, உடைத்தால் மிஷினுக்கு மதிப்பு போய்விடும் என்றார். “என் பொழப்பு போய்க்கினு இருக்குது, நீ பூட்டுக்கு அழுவுறியா?” என்று கத்தினேன். ரைட்டர் ஐயா இதைத் ‘தகாத வார்த்தைகளால் திட்டினேன்’ என்று எழுதப் பார்த்தார். நான் திட்டவில்லை, கத்தினேன். அன்புசெல்வன் ஆதாரத்துக்காக என்று சொல்லிப் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். எடு, நல்லா எடு என்று சொல்லிவிட்டு, ஸ்கூட்டி டூல் கிட்டிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து பூட்டை நெம்பி உடைத்தேன்.

பெட்டிக்குள் பித்தளை டோக்கன்கள் கறுத்துப்போய்க் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, அன்றைக்கு நான் ஆடியபோது போட்ட பளபளப்பானது போக, துருப்பிடித்த இரும்பு டோக்கன்களும் அதே ஓர வெட்டோடு இருந்தன. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்புசெல்வன் கையுறையோடு ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப நீங்க போலி அடிக்கல. உங்க அப்பாதான் அடிச்சிருக்காரு. கம்பெனித் தகட்ட சுட்டு, பாவம் கடைக்கார அம்மாவ ஏமாத்தியிருக்காரு. கம்பெனி ஆளுங்களுக்கு இதெல்லாம் சகஜம்தானே” என்றார். அதன் பிறகுதான் நான் அறைந்தேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் ஸ்டேஷனுக்கு வருகிற வழியெல்லாம் எனக்குள் அதுதான் அரித்துக்கொண்டிருந்தது. அப்பா ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார், அந்தத் தகடு ஏது என்று எனக்கும் தெரியாதே. வேலை போனால் போகட்டும், அப்பா திருடன் இல்லை என்று யாராவது சொன்னால் போதும் என்று ஆகிவிட்டது.

நான் கேட்டுக்கொண்டதன் பேரில் என் கணவர் செண்பகம் அக்காவை ஆட்டோவில் இங்கே கூட்டி வந்தார். அக்காவுக்கு இப்போது முட்டி வலி, பிடித்துத்தான் உட்கார வைத்தோம். எஸ்.ஐ. ஐயா மிஷின் பெட்டியிலிருந்து எடுத்து வந்த டோக்கன்களை மேஜை மேல் கொட்டி இது போலியா என்று கேட்டார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னா சார் போலி? அடிக்கச் சொன்னதே நான்தான். தகடும் என்னுது. லாரி ரிவர்ஸ் எடுத்து இட்ச்சதுல என் பச்ச ஷட்டர் போச்சில்ல, அந்தத் தகடு” என்றார். அதன் பிறகு அக்கா சொன்னது என்னவென்றால், மிஷின் ரிப்பேருக்கு மெட்ராஸிலிருந்து ஆள் கூப்பிட அவருக்குக் கட்டுப்படி ஆகவில்லை, அப்பாதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஸ்டிக்குக்கு ஸ்பிரிங் மாற்றி, பட்டன் சரி செய்து கொடுத்தார், காசு கொடுத்தால் வாங்க மாட்டார், ‘எம் பொண்ணு ஆடிட்டுப் போவட்டும்கா’ என்று மட்டும் சொல்வார். சும்மா ஆடினால் பையன்கள் என்னைக் கேலி செய்வார்கள் என்று, பக்கத்துப் பட்டறைக் கைப்ரஸ்ஸில் ஷட்டர் தகட்டை வைத்து அப்பாவே டோக்கன் அடித்து, அக்காவுக்கு அடையாளம் தெரிய ஓரத்தில் ஒரு வெட்டும் வைத்திருக்கிறார். சனிக்கிழமை ராத்திரி கடை மூடும்போது அக்கா பெட்டியிலிருந்து வெட்டு டோக்கனை மட்டும் பொறுக்கித் தனியாக வைத்து, ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் திருப்பிக் கொடுப்பாராம். அதே டோக்கன்தான் அத்தனை வருஷமும் அப்பா கையிலிருந்து என் வாய்க்கும், என் வாயிலிருந்து மிஷினுக்கும், மிஷினிலிருந்து அப்பா கைக்கும் சுற்றி வந்திருக்கிறது.

அன்புசெல்வன் எழுந்து நின்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். தான் எடுத்த வீடியோவையே கம்பெனிக்கு அனுப்புவதாகவும், புகாரை வாபஸ் வாங்குவதாகவும் சொன்னார். அறைந்ததற்கு நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பூட்டுக்குக் கேட்கவில்லை. எஸ்.ஐ. ஐயா அதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது, முதலில் வாக்குமூலம் முடியட்டும் என்றார்.

நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது செண்பகம் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேஜை மேல் கிடந்த குவியலிலிருந்து துருப்பிடித்த வெட்டு டோக்கன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. அவை கடை இடித்ததற்கு முதல் நாள் சாயங்காலம் நான் போட்டவை, அப்பா கைக்குத் திரும்பிப் போகாதவை. பொறுக்கி முடித்து முந்தானையில் துடைத்து என் கையில் வைத்தார். “இந்தா ஹெலனு, கடசி நாளு குடுக்க முடியாம போச்சு. உங்க நைனாவுக்குச் சேர வேண்டியது” என்றார்.

ரைட்டர் ஐயா இவை வழக்குச் சொத்து என்று சொன்னதால் எல்லாவற்றையும் மேஜை மேல் திருப்பி வைத்தேன். இதற்கு மேல் நானே என் கையால் எழுதுகிறேன். கவரில் போட்டு சீல் வைக்கும்போது ஒன்று குறையும். யாரையும் சந்தேகப்பட வேண்டாம், மேஜைக்கு அடியில் தேடவும் வேண்டாம். அது என்னிடம் இருக்கிறது, எங்கே என்று கேட்டால் என்னால் இப்போது வாயைத் திறக்க முடியாது.

மேலே கண்ட மற்றவை நான் சொல்லச் சொல்ல எழுதி எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. தலையை ஆட்டிச் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். இதில் கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை, குறைந்தது அந்த ஒரு டோக்கன் மட்டும்தான்.

(ஒப்பம்) ஹெலன்