எல்லாப் பெட்டியிலும் ஒரே பேர்

சமாதான காலத்தில் ஒருநாள் மத்தியானம் ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகில் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் அங்கே பெண்களின் கருவாட்டுச் சங்கத்தை நடத்துபவர் என்பதும், இளையவள் யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் படித்துவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தவள் என்பதும் பேச்சிலிருந்து தெரிந்தது.

"அக்கா, உங்களை ஒரு பெட்டிக்குள்ள அடைக்க ஏலாதெண்டு கொம்பியூட்டர் சொல்லுது," என்றாள் இளையவள்.

"ஏன், நான் அவ்வளவு மொத்தமோ?"

"அப்பிடியில்லை. சங்கத்து வேலையளைக் கொம்பியூட்டரில படமாக் கீறினனான். ஒரு வேலைக்கு ஒரு பெட்டி. அதை ஆர் செய்யினமெண்டு உள்ள பேர் போடவேணும். மீன் வாங்கிறது, உப்புப் போடுறது, கொழும்புக்கு அனுப்புறது, எல்லாத்திலையும் உங்கட பேர்தான் வருது. நீங்கள் ஒரு மாதம் இல்லையெண்டு போட்டுப் பாத்தனான். சங்கம் முழுக்க நிண்டுபோச்சு."

மூத்தவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அதுதான் பிள்ளை, டொக்டர் சொன்ன ஒப்பரேஷனைத் தள்ளிக்கொண்டு வாறன்."

"அப்ப பேரை மாத்துவம். உப்புப் போட ஆரைப் போடலாம்?"

"எங்கட சங்கத்து மேரி செய்வாள்."

"மீன் வாங்க?"

மூத்தவர் அவளைப் பார்த்துக் கேட்டார்: "நீர் வருவீரோ? படகு வைச்சிருக்கிற சம்மாட்டிமாரோட விலை பேசவேணும்."

"பழக்கினீங்களெண்டால் வருவன்."

"அப்ப நாளைக்கு விடிய துறைக்கு வாரும்."

படகு இறங்குதுறையில் அணைந்தது. மூத்தவர் காலடியில் கிடந்த உப்பு மூட்டையைத் தூக்கக் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "இதை நீர் தூக்கும்," என்றார். "பாரம் தூக்கவேண்டாமெண்டு டொக்டர் சொன்னவர்."